கைமாற்றாக வந்த வெளிச்சம்

(கட்டடக்கலை மாணவர்களும் கலைச்சொல் ஆர்வலர்களும் கூடிய அரங்கொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கண்ணாடித் தடுப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப்போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் சிரித்தார்கள். "அதுல பேச என்ன தாத்தா இருக்கு? அந்தப் பக்கம் தெரியும், அவ்ளோதானே" என்றாள் பேத்தி. அந்தப் பக்கம் தெரியலாமா கூடாதா என்பதில்தான் விவகாரமே இருக்கிறது. அதை அவளிடம் விளக்க நேரமில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் பணி. வரைபடத்தில் ஓர் உள்சுவரில் மூன்று இடங்களில் 'பி.எல்.' என்று எழுதியிருந்தது. ஓரத்துக் குறிப்பில் அதன் விரிவு: பாரோட் லைட், 3 எண்ணம். பாரோட் என்றால் இரவல். லைட் என்றால் விளக்கு. இரவல் விளக்கு! எங்கிருந்தோ தற்காலிகமாகக் கொண்டுவந்து மாட்டுவார்கள்போல என்று நானே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டு, மூன்றையும் எலெக்ட்ரீஷியன் கணக்கில் சேர்த்துவிட்டேன். அவர் வந்து சுவரைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், பாயிண்ட் எங்க வருது? சுவத்துக்குள்ளயா?" என்றார். பக்கத்தில் நிலைச்சட்டம் இழைத்துக்கொண்டிருந்த ஆசாரி இழைப்புளியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அது லைட்டு இல்ல தம்பி. ஓட்டை. சட்டம் அடிச்சு மங்கல் கண்ணாடி போடணும். இந்த ரூம்பு வெளிச்சம் அந்த ரூம்புக்குப் போவணும்ல?"

இவ்வளவு துல்லியமான விளக்கத்தை அதற்குப் பிறகு நான் எந்த அகராதியிலும் படிக்கவில்லை. இன்று நான் பேசப்போவது எல்லாம் அந்த ஆசாரி சொன்ன நான்கு வாக்கியத்துக்கு உரைதான்.

முதலில் 'ஓட்டை'யை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கட்டடத் தொழிலில் 'லைட்' என்ற சொல் வெளிச்சத்தை மட்டும் குறிப்பதில்லை. வெளிச்சம் நுழையும் திறப்புக்கும் அதில் மாட்டிய கண்ணாடிக்கும் அதே பெயர்தான். ஒரு ஜன்னலை இரண்டு கல் தண்டுகள் மூன்றாகப் பிரித்தால் அது மூன்று லைட் ஜன்னல். வாசற்கதவுக்கு மேலே விசிறி விரித்தாற்போல் அரைவட்டமாக இருப்பது ஃபேன்லைட். நம் ஊரில் அந்த இடத்தில் வைப்பதை வடிவம் எதுவானாலும் வென்டிலேட்டர் என்கிறோம். கதவின் பக்கவாட்டில் சைட்லைட், கூரையில் ஸ்கைலைட். திறக்க முடியாதபடி பொருத்திய கண்ணாடிக்கு டெட்லைட் என்று பெயர். 'செத்த வெளிச்சம்' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், பேய்க்கதைத் தலைப்பு கிடைத்துவிடும். லண்டனில் சில பழைய கட்டடங்களின் ஜன்னல்களுக்குக் கீழே 'ஆன்ஷன்ட் லைட்ஸ்' என்று பலகை அடித்திருப்பார்கள். பார்த்தால் பழங்கால விளக்குகள் விற்கும் கடையோ என்று தோன்றும். அது பக்கத்து மனைக்காரருக்கு விடுத்த எச்சரிக்கை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தச்சர்கள் இப்படித் திறப்பையே வெளிச்சம் என்று அழைத்தார்கள். பொதுமக்கள் அப்படி அழைக்கவில்லை. 'விண்டோ' என்ற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் பொருள் காற்றின் கண். நம்மிடம் 'காலதர்' இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் வரும் சொல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. குளிரில் நடுங்கியவர்களும் புழுக்கத்தில் வெந்தவர்களும் ஒருவரையொருவர் கேட்காமலே ஜன்னலுக்குக் காற்றை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். 'பலகணி'யில் பல கண்கள் இருக்கின்றன. சட்டகத்தில் துளைத்த ஓட்டைகளை எண்ணிய பெயர். இன்று நம் வாயில் புழங்கும் 'ஜன்னல்' போர்த்துக்கீசியர் கொண்டுவந்து போட்டது. சாவி, மேசை, அலமாரியோடு அதே கப்பலில் வந்திறங்கியது. அதன் லத்தீன் மூலத்துக்குச் சிறு கதவு என்று பொருள். ஆக ஒருவருக்கு அது காற்று, ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் கதவு. வெளிச்சம் என்று அழைத்தவர், கண்ணாடி மாட்டிக் கூலி வாங்கிய தொழிலாளி. காற்றை மறித்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவது அவர் வேலை. அவருக்கு அந்தப் பெயர்தான் தோன்றும்.

இனி பாரோட் லைட். அதை வானம் பார்க்காத ஜன்னல் என்று சொல்லலாம். வெளிச்சுவரில் ஜன்னல் உள்ள ஓர் அறை. அதற்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை, அல்லது நடைகூடம், மாடிப்படி, குளியலறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பில், முன்னறை வெளிச்சம் பின்னறைக்குப் போவதற்காக வைத்த கண்ணாடிதான் பாரோட் லைட். கதவுக்கு மேல் ஓரடி உயரத் துண்டாகவும் இருக்கலாம். தடுப்பின் மேல்பாதி முழுவதுமாகவும் இருக்கலாம். அளவை வைத்து அந்தப் பெயர் வரவில்லை. இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள கொடுக்கல் வாங்கலை வைத்து வந்தது. கட்டடக்கலைச் சொற்களில் பெரும்பாலானவை ஒரு பொருளின் வடிவத்தைச் சொல்லும். இல்லையென்றால் இருக்கும் இடத்தைச் சொல்லும். ஓர் உறவைச் சொல்லும் சொல் அபூர்வம். எனக்கு இதன்மேல் இத்தனை பிரியம் வரக் காரணம் அதுதான்.

உறவு என்று சொன்னால் அதற்குக் கணக்கும் உண்டு. கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 100க்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு கண்ணாடிக்கு இரண்டு முகம், ஆகவே தரகு 8. அதுகூடப் பரவாயில்லை. பெரிய சங்கடம் தூரத்தில் இருக்கிறது. ஒரு ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பகல்வெளிச்சம் உருப்படியாக உள்ளே போகும். ஏழடி உயரத்தில் விளிம்பு இருந்தால் பதினான்கிலிருந்து பதினேழரை அடி. அதற்கு அப்பால் உள்ள அறை எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும் இருட்டில்தான் கிடக்கும். கொடுக்கிறவர் கையில் இருந்தால்தானே வாங்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. கொடுக்கும் அறைக்கும் நட்டம் இருக்கிறது. அந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர் இருந்திருந்தால், தன்மேல் விழுந்ததில் பெரும்பங்கை அதே அறைக்குள் திருப்பி அனுப்பியிருக்கும். கண்ணாடி வைத்ததும் அது அடுத்த அறைக்குப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. சுவரைத் திறந்து கொடுக்கும் வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்காது. ஆனால் சாயங்காலம் விளக்கைக் கொஞ்சம் முன்னதாகவே போடச் சொல்லியிருப்பார்.

முன்னே சொன்ன தூரச் சங்கடத்தால்தான் பழைய தச்சர்கள் பாரோட் லைட்டை உயரத்தில் வைத்தார்கள். ஜன்னலின் மேற்பகுதி வழியாக வரும் வெளிச்சம்தான் அறையின் ஆழத்துக்குப் போகும். தலைக்கு மேலே வைத்துவிட்டால் இன்னொரு சௌகரியமும் கிடைக்கிறது: இந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் அந்த அறையில் நடப்பதைப் பார்க்க முடியாது. உயரம் போதாவிட்டால் மங்கல் கண்ணாடி போட்டார்கள், இல்லாவிட்டால் புள்ளி போட்ட கண்ணாடி. வெளிச்சம் போகலாம், பார்வை போகக்கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஓட்டு வீடுகளில் சமையலறைக் கூரையில் ஒரேயொரு கண்ணாடி ஓடு வைப்பார்கள். பதினோரு மணிக்கு அம்மிக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சச் சதுரம் விழும். அடுப்புப் புகை அதில் ஏறி நெளியும். சிலர் அதைப் பாரோட் லைட்டுக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணாடி ஓடு வானத்திடமிருந்து நேரடியாக வாங்குகிறது. நடுவில் ஆள் இல்லை.

இங்கிலாந்தில் பாரோட் லைட் என்ற சொல் வேர்பிடித்த காலத்தில் வெளிச்சத்துக்கு வரி இருந்தது. 1696இல் வந்த ஜன்னல் வரி 1851இல்தான் போனது. அது போதாதென்று 1746இலிருந்து 1845வரை கண்ணாடிக்கும் எடைக் கணக்கில் தீர்வை. வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. அத்தகைய காலத்தில் ஒரு வெளிஜன்னல் வெளிச்சத்தை இரண்டு அறைக்குப் பங்கு போடத் தெரிந்தவன் கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள ஜான் சோன் வீட்டுக்குப் போகவேண்டும். 1837இல் இறந்த அந்தக் கட்டடக்கலைஞர் தம் வீட்டை அருங்காட்சியகமாக்க உயிரோடிருக்கும்போதே நாடாளுமன்றத்தில் சட்டம் வாங்கிவைத்தவர். மேலே மஞ்சள் கண்ணாடி, மூலைக்கு மூலை குவியாடி; லண்டனின் சாம்பல் நிற வெளிச்சத்தை வாங்கி, அதற்கு வெயில் நிறம் பூசி, அறை அறையாகக் கைமாற்றிவிட்டிருப்பார். அது பணக்காரர் விளையாட்டு. ஏழைகளின் பாரோட் லைட் வேறு ஊரில் இருக்கிறது.

நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் ஆர்ச்சர்டு தெரு 97ஆம் எண் கட்டடம். 1863இல் எழுந்தது. ஒரு தளத்துக்கு நான்கு குடித்தனம், குடித்தனத்துக்கு மூன்று அறை, மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 325 சதுர அடி. ரயில்பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக: முன்னறை, சமையலறை, படுக்கையறை. இதில் முன்னறைக்கு மட்டும்தான் வெளிஜன்னல். அடுத்த இரண்டும் நண்பகலில்கூட இருட்டு. ஜெர்மனி, அயர்லாந்து, இத்தாலி, கிழக்கு ஐரோப்பா என்று கப்பலேறி வந்தவர்கள் அதில் குடியிருந்து, பிள்ளை பெற்று, அங்கேயே தையல் வேலையும் செய்தார்கள். துணி தைக்கிறவர்கள் எல்லாரும் முன்னறை ஜன்னலடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சம் இருக்கிற இடத்தில்தானே ஊசியில் நூல் கோக்க முடியும்?

அந்த வட்டாரத்து இருட்டு எவ்வளவு கெட்டியானது என்பதற்குச் சாட்சி ஒரு புகைப்படக்காரர். ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் அந்த அறைகளைப் படமெடுக்கப் போனார். மக்னீசியம் கலந்த வெடிப்பொடியைக் கொளுத்தி, அந்தப் பளீர் வெளிச்சத்தில்தான் எடுக்க முடிந்தது. 1890இல் அவர் புத்தகம் வந்தபோதுதான் ஊரின் மற்ற பாதி அந்த அறைகளைக் கண்ணால் கண்டது. அங்கே குடியிருந்தவர்களேகூடத் தங்கள் சுவரின் மூலைகளை அந்த ஒரு கணத்தில்தான் முழுதாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். இருட்டறையும் நெரிசலும் அந்த நோயின் கூட்டாளிகள் என்ற எண்ணம் வலுத்தது. 1901இல் நியூயார்க் மாநிலம் குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கட்டடங்களை இடிக்க முடியாது. வெளிச்சுவரில் புதிதாக ஜன்னல் திறக்கவும் வழியில்லை, பக்கத்துக் கட்டடம் சுவரோடு சுவராக நிற்கிறது. ஆகவே, ஜன்னலில்லாத அறைக்கும் ஜன்னலுள்ள அறைக்கும் இடையே உள்ள சுவரை வெட்டி உள்ஜன்னல் வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆர்ச்சர்டு தெரு வீட்டில் அந்த உள்ஜன்னலை இன்றும் பார்க்கலாம். 1935இல், தீப்பிடிக்காத மாடிப்படி கட்டுவதற்குச் செலவழிக்க மனமில்லாமல் வீட்டுச் சொந்தக்காரர் குடித்தனக்காரர்களைக் காலிசெய்யவைத்து மேல்தளங்களைப் பூட்டிவிட்டார். பூட்டு பல ஆண்டுகள் அப்படியே கிடந்ததால் உள்ளே எல்லாம் தப்பியது. இப்போது அது அருங்காட்சியகம். சமையலறைச் சுவரின் நடுவில், எதையும் பார்க்காமல், சட்டமும் கண்ணாடியுமாக ஒரு ஜன்னல் நிற்கிறது. அந்த ஊரில் அதற்கு வைத்த பெயர் 'காசநோய் ஜன்னல்'.

அந்த ஜன்னல் காசநோயைத் தடுத்ததா? வெயிலில் கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிரின் வீரியமான பகுதியைச் சாதாரணக் கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துவிடும். வெளிஜன்னல் ஒன்று, உள்ஜன்னல் ஒன்று, இரண்டையும் தாண்டி வந்த வெளிச்சம் கிருமியை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் அந்த உள்ஜன்னலைத் திறக்க முடியும். திறந்தால் காற்று ஓடும். காசநோய்க்கு எதிராக உண்மையில் உதவக்கூடியது காற்றோட்டம்தான். லைட் என்று பெயர் வைத்துக் காலதர் வேலை பார்த்தது அந்த ஜன்னல்.

இப்போது 'ஆன்ஷன்ட் லைட்ஸ்' பலகை. இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி, இருபது ஆண்டு இடைவிடாமல் ஒரு ஜன்னலுக்கு வெளிச்சம் வந்துகொண்டிருந்தால் அது உரிமையாகிவிடும். பக்கத்து மனைக்காரர் உயரமாகக் கட்டி அதை மறிக்க முடியாது. பலகையின் பொருள் 'இங்கே இருபது வருஷத்து வெளிச்சம் இருக்கிறது, ஜாக்கிரதை.' இது நமக்கும் வந்தது. 1882இன் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. கூடவே மத்திய மாகாணங்களும் குடகும். அதன் 15ஆம் பிரிவு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இதே இருபது ஆண்டைச் சொல்கிறது. கோக் கிருமியைக் கண்டுபிடித்த அதே ஆண்டில் சென்னைவாசியின் வெளிச்ச உரிமை இந்தச் சட்டத்தில் ஏறியது. தெருவுக்குத் தெரு அடுக்குமாடி எழும் இந்த நாளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று வக்கீல் நண்பர்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

எவ்வளவு வெளிச்சம் குறைந்தால் வழக்குப் போடலாம்? இங்கிலாந்தில் 1920களில் பெர்சி வால்ட்ரம் என்பவர் அளந்து ஒரு வரம்பு வகுத்தார். அறையில் உட்கார்ந்திருப்பவர் 'இருட்டா இருக்கே' என்று முணுமுணுக்கத் தொடங்கும் அளவு. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'முணுமுணுப்புப் புள்ளி' என்ற பொருளில்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் முணுமுணுப்புக்கு இவ்வளவு மரியாதை கிடைத்த இடம் வேறு இருக்காது.

பாரோட் லைட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வசதியுரிமை என்பது அடுத்தவர் மனைமேல் நமக்குள்ள உரிமை. தன் வீட்டின்மேல் தனக்கே ஒருவர் அதைக் கோர முடியாது. கொடுக்கிற அறையும் வாங்குகிற அறையும் ஒரே சொந்தக்காரருடையவை. முன்னறைக்காரர் தடுப்பை ஒட்டி அலமாரியை இழுத்துப் போட்டால் பின்னறைக்காரர் முணுமுணுக்கலாம், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு முழுக்க நல்லெண்ணத்தில் நடப்பது.

நல்லெண்ணம் என்று வந்தபிறகு, இது என்ன வகைக் கடன் என்று பார்க்க வேண்டும். வாங்குவதற்குத் தமிழில் பல பெயர். கடன் என்றால் வட்டி உண்டு, பத்திரம் உண்டு. இரவல் என்றால் வாங்கிய பொருளையே திருப்பித் தரவேண்டும்; கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய சங்கிலியை வேறு சங்கிலியாகத் திருப்பினால் போலீஸ் வரும். கைமாற்று இரண்டும் இல்லை. தெரிந்தவர்களுக்குள், சின்ன அளவில், வட்டியில்லாமல், எழுத்தில்லாமல் நடப்பது. திரும்பி வராவிட்டாலும் உறவு முறியாது. வெளிச்சத்துக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. என் மாணவர் ஒருவர் எழுந்து, "திரும்பியே வராதுன்னா அது ஓசி தானே சார்?" என்று கேட்டார். சரிதான். ஆனால் அரசாங்கக் கலைச்சொல் பட்டியலில் 'ஓசி ஜன்னல்' என்று போடுவதற்கு யாருக்கும் துணிச்சல் வராது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்குள் போங்கள். உட்கூடம் நூறடி ஆழம். வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி. வெயில் தாங்காமல் அதன்மேல் கறுப்புப் படலம் ஒட்டி, போதாததற்குத் திரையையும் இறக்கிவிட்டிருப்பார்கள். காலை ஒன்பதிலிருந்து இரவுவரை எல்.இ.டி. எரியும். நடுக்கூடத்தில் அதிகாரிகளுக்குக் கண்ணாடி கேபின்: தரையிலிருந்து கூரைவரை 12 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி, கீழே ஃப்ளோர் ஸ்பிரிங், மூலையில் பேட்ச் ஃபிட்டிங். அந்தக் கேபினுக்கு வெளியே உள்ள கூடத்திலும் பகல்வெளிச்சம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மின்விளக்கு. கைமாற்ற ஒன்றும் கிடையாது. அந்தக் கண்ணாடி வழியாகப் போவது பார்வை மட்டும். யார் சீட்டில் இருக்கிறார்கள், யார் தேநீர் குடிக்கப் போனவர் இன்னும் வரவில்லை, யாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள், அவர் முகம் எப்படி மாறுகிறது. பழைய தச்சர் வெளிச்சத்தை விட்டுப் பார்வையை மறித்தார். நாம் அதை அப்படியே தலைகீழாக்கிவிட்டோம். வடிவமைப்பவர்கள் இதற்கு 'வெளிப்படைத்தன்மை' என்று பெயர் சொல்கிறார்கள். கேபினுக்கு உள்ளே இருப்பவர் வெளிப்படையா, வெளியே இருப்பவர் வெளிப்படையா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இதை முன்னமே எழுதிவைத்த ஒருவர் நம்மிடம் உண்டு. மணிமேகலையில், புகார் நகரின் உவவனத்தில் ஒரு பளிக்கறை மண்டபம் இருக்கிறது. பளிங்கால் ஆன அறை. உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே வராது. சாத்தனார் அந்த இரண்டு குணத்தையும் தனித்தனியே பிரித்துச் சொல்லியிருக்கிறார். இளவரசன் உதயகுமரன் தேரேறி வருகிறான் என்று தெரிந்ததும் மணிமேகலையை அதற்குள் அனுப்பிவிடுகிறாள் தோழி சுதமதி. ஒளிந்துகொள்ள எவ்வளவு பொருத்தமில்லாத இடம்! அவன் வந்து பார்க்கிறான். உருவம் தெரிகிறது, உள்ளே போக வழி தெரியவில்லை. கண்ணாடித் தடுப்பின் ஒலியியலையும் உளவியலையும் சேர்த்துப் பாடம் நடத்த வேண்டுமென்றால் நான் அந்தக் காதையைத்தான் எடுப்பேன். ஒலி நின்று உருவம் மட்டும் கடக்கும்போது உள்ளே இருப்பவர் பொம்மையாகிவிடுகிறார். கேபினுக்குள் உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் ஊழியரைக் கேளுங்கள், சொல்வார்.

தெரியாமலே இருக்கும் ஆபத்தும் கண்ணாடிக்கு உண்டு. சுத்தமாகத் துடைத்த கண்ணாடியில் நெற்றி மோதாதவர்கள் இந்த அரங்கில் கை தூக்கலாம். என் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. அது எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி, பெரிய கண்ணாடியின்மேல் இரண்டு உயரத்தில் அடையாளம் இடச்சொல்கிறது: தரையிலிருந்து 850 முதல் 1000 மில்லிமீட்டருக்குள் ஒன்று, 1400 முதல் 1600க்குள் இன்னொன்று. நாம் புள்ளி ஸ்டிக்கர், கோடு, கம்பெனி முத்திரை என்று ஒட்டுகிறோமே, அதுதான். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் மேனிஃபெஸ்டேஷன். தெய்வம் காட்சி கொடுப்பதற்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். கண்ணாடி 'நான் இருக்கிறேன்' என்று பிரசன்னமாகிறது.

வேடிக்கை என்னவென்றால், கேபின் அமைத்து ஆறே மாதத்தில் எல்லா அலுவலகத்திலும் அந்த ஸ்டிக்கர் வளரத் தொடங்கும். இரண்டு கோடாக இருந்தது பட்டையாகும். பட்டை நாலடியிலிருந்து ஆறடிவரை மங்கல் படலமாகும். கடைசியில் மேலே மட்டும் கொஞ்சம் தெளிந்த கண்ணாடி மிஞ்சும். ஒரு நூற்றாண்டுக்கு முன் தச்சர் எங்கே கண்ணாடி வைத்தாரோ, அங்கேயே வந்து நிற்கும். வெளிச்சம்தான் இல்லை.

சொல்லின் கதியும் இப்படித்தான். இன்றைய வரைபடங்களில் பாரோட் லைட் என்று எழுதுபவர்கள் குறைவு. கிளேஸ்டு பார்ட்டிஷன், கிளேஸ்டு ஸ்கிரீன் என்கிறார்கள். கதவில் உள்ள சிறு கண்ணாடியென்றால் விஷன் பேனல். கவனியுங்கள், பெயரிலேயே பார்வை வந்துவிட்டது. அமெரிக்கக் கண்ணாடித் தொழிலில் வெளிச்சத்தையும் கண்ணாடியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எழுத்துக்கூட்டலையே மாற்றிக் குறுக்கிவிட்டார்கள். என்னைப் போல விளக்கு வாங்கப் போனவர்கள் அங்கேயும் இருந்திருக்க வேண்டும். அந்நாட்டின் வடமேற்குக் கரையில், சியாட்டில் பக்கத்து வரைபடங்களில், உள்கண்ணாடிக்கு 'ரீலைட்' என்று ஒரு சொல் புழங்குகிறது. அதற்கு வெளியே உள்ள கட்டடக்காரர்களிடம் சொன்னால் முழிப்பார்கள். கடன் என்ற எண்ணம் அதிலும் இல்லை. மறுபடியும் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

தமிழில் என்ன சொல்வது? கலைச்சொல் ஆக்கும் நண்பர்கள் இரண்டு சொல்லையும் தனித்தனியே பெயர்த்து 'இரவல் ஒளி' என்று தருவார்கள். வேண்டாம். ஒளி என்றால் மறுபடி எலெக்ட்ரீஷியன்தான் வருவார். திறப்பு என்ற பொருள் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். 'கண்ணாடித் தடுப்பு' என்பதும் போதாது. நம் மொழியில் கண்ணாடி என்றால் முகம் பார்ப்பதும் அதுதான், மூக்கில் மாட்டுவதும் அதுதான், ஜன்னலில் பதிப்பதும் அதுதான். முடிதிருத்தகத்தில் இருப்பதும் கண்ணாடித் தடுப்பே. 'உள்சாளரம்' என்று எழுதினால் வரைபடத்தில் குழப்பம் வராது. ஆனால் அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை. நான் 'கைமாற்றுச் சாளரம்' என்று எழுதுகிறேன். வகுப்பில் முதல் நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள், "சார், இந்தக் கூடத்துக்குக் கைமாற்று எங்கிருந்து வாங்கலாம்?" என்று அவர்களே கேட்பார்கள். அப்படிக் கேட்கவைத்துவிட்டால் அந்தச் சொல் வேலை செய்கிறது என்று பொருள். எந்த அறையிடம் மிச்சம் இருக்கிறது என்று அவர்கள் வரைபடத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். 'கிளாஸ் பார்ட்டிஷன்' என்று சொல்லும்போது யாரும் எதையும் தேடுவதில்லை. சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள்.

நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த முதல் கட்டடத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஆசாரி செய்த மூன்று சட்டமும் இருந்த சுவரைத் தேடினேன். குளிர்சாதனம் போட்டபோது காற்று கசிகிறது என்று மூன்றையும் பிளைவுட் அடித்து அடைத்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் சட்டத்தின் விளிம்பு பெயின்டுக்கு அடியில் லேசாகத் தெரிந்தது. பின்னறை இருட்டாகிவிட்டதால் ஒவ்வொரு சட்டத்துக்கு மேலேயும் ஒரு விளக்கு மாட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். 3 எண்ணம். எலெக்ட்ரீஷியன் கணக்கில் நான் அன்றைக்கு எழுதியது சரியாகிவிட்டது.